"என்ன உணர்கிறீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் வராதபோது

உளவியலாளரின் கேள்விக்குப் பதில் வராததால் பேச்சுச் சிகிச்சையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம். கேள்வி கேட்கும் முறையை மாற்றச் சொல்லுங்கள். 42 வயதில் ஆட்டிசம் உறுதியான உங்களுக்கு, "இப்போது என்ன உணர்கிறீர்கள்" என்று உளவியலாளர் கேட்டதும் பேச்சு நின்றுவிடுவதற்கு, உணர்வை இனங்கண்டு பெயரிடுவதில் ஏற்படும் சிரமமான அலெக்சிதைமியா காரணமாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது பரவலாகக் காணப்படுவதுதான், ஒத்துழையாமை அன்று.

அடுத்த அமர்வுக்கு முன், தாடை இறுகியது, வயிறு கலங்கியது போன்ற உடற்குறிகளை நேரத்தோடு எழுதிக் கொண்டுபோய், அதிலிருந்தே பேச்சைத் தொடங்குமாறு கேளுங்கள். கண்ணைப் பார்த்துப் பேசும் கட்டாயமும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வலியுறுத்திய நிபந்தனையற்ற ஏற்புக்கு, அதாவது வருபவரை உள்ளபடியே ஏற்பதற்கு, இதுவே முதற்படி என்பேன்.

இந்தத் திணறல் அண்மையில்தான் தொடங்கியது என்றால், மனச்சோர்வோ மருந்தின் விளைவோ என்று மனநல மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.