டே லில்லில இலை மட்டும் தளதளன்னு வருது, பூவே இல்லையே, ஏன்?

கேள்வி: டே லில்லி நட்டு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. வேர் ஸ்ட்ராங்கா பிடிக்கட்டும்னு ஆழமா குழி எடுத்து மதிலோரமா நட்டேன், மாசாமாசம் கொஞ்சம் யூரியாவும் போடுறேன். இலை அடர்த்தியா வருது, மொட்டே காணோம். பிடுங்கிப் போட்டுடலாமா?

ஐயோ பிடுங்கிடாதீங்க, செடி நல்லாத்தான் இருக்கு. பூ வராததுக்கான காரணம் மூணும் உங்க கேள்வியிலயே இருக்கு: ஆழம், நிழல், யூரியா.

முதல்ல ஆழத்தைப் பார்ப்போம், ஏன்னா முக்கால்வாசி பேர் சறுக்குறது இதுலதான். இலையும் வேரும் சேர்ற இடத்துல ஒரு கழுத்து இருக்கும், அது மண்ணுக்குக் கீழ ஒரு இஞ்ச், அதாவது 2.5 செ.மீ. இருந்தா போதும், அதுக்கு மேல ஆழமா புதைஞ்சா செடி உயிரோட இருக்கும், இலை விடும், ஆனா பூக்க ரொம்பவே யோசிக்கும். ஒரு தூரை மண்ணோட கிளப்பி, வேரைக் கழுவிட்டுப் பாருங்க. இலையோட அடிப்பக்கம் வெளுப்பா ஒரு பட்டை தெரியும், அவ்வளவு தூரம் மண்ணுக்குள்ள இருந்திருக்குன்னு அர்த்தம், பட்டை நாலு விரல் உயரம் இருந்தா ஆழம்தான் காரணம்னு உறுதியாயிரும்.

கிளப்பினதுக்கு அப்புறம் இலையை அரையடி உயரம் விட்டு வெட்டிடுங்க, இல்லேன்னா வேர் பிடிக்கிறதுக்குள்ள இலை தண்ணியை இழந்து வாடிரும். குழியை அகலமா எடுத்து, நடுவுல மண்ணை சின்ன கூம்பாக் குவிச்சு, அதுமேல செடியை உக்கார வச்சு, கிழங்கு கிழங்கா இருக்கிற வேரை நாலாபக்கமும் கீழ்நோக்கி விரிச்சு விட்டு மண்ணைப் போட்டு மூடுங்க. செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது விடணும். கடும் வெயில் காலத்துலயும் அடைமழையிலயும் இந்த வேலை வேண்டாம், சூடும் ஈரமும் சேர்ந்தா கழுத்து அழுகிரும்.

அடுத்து வெயில். தினம் ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேணும், மதிலோரத்துல அது கிடைக்கலேன்னா இடத்தை மாத்துறதைத் தவிர வேற வழி கிடையாது. கருஞ்சிவப்பு, ஊதா மாதிரி அடர் நிற ரகம்னா மத்தியானத்துக்கு மேல லேசா நிழல் இருக்கிறது நல்லதுதான், உச்சி வெயில்ல இதழ் கருகும்.

யூரியாவை இன்னிக்கே நிறுத்துங்க. தழைச்சத்து அதிகமானா இலைதான் வரும், மக்கின தொழுவுரமோ மண்புழு உரமோ போதும். தண்ணி ஆழமா ஊத்துங்க, ஆனா தேங்க விடாதீங்க.

இன்னொண்ணு, வாங்கும்போது யாரும் கேக்குறதில்ல: குளிர்காலத்துல இலை காஞ்சு உறங்குற ரகமா, வருஷம் பூரா பச்சையா இருக்கிற ரகமான்னு. குளிரே இல்லாத ஊர்ல உறங்குற ரகம் வருஷத்துக்கு வருஷம் நலிஞ்சு போகும், அப்போ மேல சொன்னது எல்லாம் செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல, ரகத்தையே மாத்தணும்.

மாத்தி நட்ட வருஷமே பூக்கலேன்னா பதறாதீங்க, வேர் செட் ஆக ஒரு சீசன் போகும். பூக்க ஆரம்பிச்சதும் ஒரு பூ ஒரே நாள்தான், ஆனா ஒரு தண்டுல பல மொட்டு வரிசையா இருக்கிறதால வாரக்கணக்குல பூத்துக்கிட்டே இருக்கும், வாடினதைக் கிள்ளிட்டா விதை பிடிக்காம சத்து மிச்சமாகும். மூணு நாலு வருஷத்துக்கு ஒருதடவை தூரைப் பிரிச்சு நடுங்க.

வீட்ல பூனை இருக்கா? இருந்தா செடி அதுக்கு எட்டாத இடமாப் பாத்துக்கோங்க, இலை, பூ, மகரந்தம் எதைத் தின்னாலும் பூனையோட கிட்னி போயிரும். கடிச்சதைப் பார்த்தா காத்திருக்காம உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.