மயக்கம் போட்டு விழுவதில் அடினோசினுக்கு என்ன பங்கு?

இசிஜி, எக்கோ இரண்டும் இயல்பாக இருந்தும் ஒருவர் திடீரென மயங்கி விழும்போது, மருத்துவர் அடினோசினைப் பற்றிப் பேசுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு சிதையும்போது உருவாகும் அடினோசின், இரத்தத்தில் சில விநாடிகளே நிலைக்கும். இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணுவில் உள்ள ஏ1 ஏற்பிகளில் (வேதிப்பொருள்களை ஏற்றுச் செல்லுக்குச் சமிக்ஞை தரும் புரதங்களில்) அது படிந்தால் கடத்தல் தடைபடும். இரத்தக்குழாய்ச் சுவரின் ஏ2ஏ ஏற்பிகளில் படிந்தால் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். வியர்வை, குமட்டல், கண் இருட்டுதல் என்று முன்னறிவிப்புடன் வரும் வழக்கமான மயக்கத்தில் இரத்த அடினோசின் பெரும்பாலும் கூடுதலாகக் காணப்படுகிறது. எந்த அறிகுறியும் இன்றி, நின்ற நிலையிலேயே சாய்ந்து முகத்தில் காயப்படுவோரில் ஒரு பிரிவினருக்கோ அது வழக்கத்தைவிடக் குறைவு. முரணாகத் தோன்றினாலும் விளக்கம் எளிது: அளவு குறைந்திருப்பதால் ஏ1 ஏற்பிகள் கூருணர்வு அடைந்துவிடுகின்றன, சிறிதளவு அடினோசின் சட்டென வெளிப்பட்டாலே கீழறைத் துடிப்பு சில விநாடிகள் நின்றுவிடும்.

20 மில்லிகிராம் ஏடிபியைச் சிரையில் வேகமாகச் செலுத்தி, 6 விநாடிக்கு மேல் துடிப்பு நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. ஆனால் அதன் முடிவை மட்டும் நம்பி பேஸ்மேக்கர் பொருத்துவது, என் கருத்தில், அவசரம். தோலடியில் வைக்கும் பதிவுக்கருவி உண்மையான மயக்கத்தின்போது காட்டும் துடிப்பே வலுவான சான்று. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கக்கூடும் என்பதால் சோதனை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. காபியிலுள்ள காஃபீன் இந்த ஏற்பிகளை அடைத்துவிடும். ஆகவே அன்று காலை டிகிரி காபிக்கு விடுப்பு. அதே வழியில் செயல்படும் தியோஃபிலின், அடினோசின் குறைந்த சிலருக்கு மருந்தாகவே தரப்படுகிறது.