டார்கெட்டுக்கு ஆள் சேர்க்கிறது – வாசகர் கேள்வி பதில்

தொழிற்பயிற்சி ஸ்கூல் அட்மிஷன் பத்தி சேர்றவங்க, சேர்க்கிறவங்க, நடத்துறவங்கன்னு மூணு பக்கமும் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை முழுக்க இதே தான். கேள்விகளை கொஞ்சம் சுருக்கியிருக்கேன்.

கேள்வி: நான் ஒரு தொழிற்பயிற்சி ஸ்கூல்ல அட்மிஷன் கவுன்சிலர். பேருக்குத்தான் கவுன்சிலர், நாள் முழுக்க போன் போடறதுதான் வேலை. மாசம் இத்தனை அட்மிஷன்னு டார்கெட், தாண்டினா இன்சென்டிவ், தாண்டலைன்னா மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் திட்டு. இவங்களுக்கு இந்த கோர்ஸ் ஒத்து வராதுன்னு பேச்சுலயே தெரியும், ஆனாலும் சேர்த்துடறேன். பொய் எதுவும் சொல்றதில்ல, எல்லாத்தையும் சொல்றதும் இல்ல. இது தப்பா?

பதில்: தப்புதாங்க. ஆனா பாதி தப்பு உங்க சம்பள சீட்டுல இருக்கு. ஆளைச் சேர்த்தா காசுன்னு வெச்சுட்டு அதே ஆளுக்கு நடுநிலையா ஆலோசனை சொல்லுன்னா யாரால முடியும்? அமெரிக்காவுல இதை ரொம்ப நாள் முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாங்க, 1992-லயே சட்டம் போட்டாங்க, மாணவர்கள் அரசு கல்விக்கடன் வாங்கிப் படிக்கிற ஸ்கூல் எதுவும் அட்மிஷன் எண்ணிக்கையை வெச்சு கமிஷனோ போனஸோ கொடுக்கக்கூடாதுன்னு. அப்புறம் 2002-ல விதிகளை தளர்த்தி, சேர்க்கை எண்ணிக்கையை மட்டுமே பார்க்கலைன்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை சம்பளத்தை ஏத்தி இறக்கலாம்னு ஒரு சந்து விட்டாங்க. "மட்டுமே"ங்கற அந்த ஒரு வார்த்தை போதுமே, எல்லாரும் பூந்துட்டாங்க. 2011 ஜூலைல இருந்து அந்த சந்தை அடைச்சாங்க.

எஜுகேஷன் மேனேஜ்மென்ட் கார்ப்பரேஷன்னு அங்க காலேஜ் நடத்தின ஒரு பெரிய கம்பெனி, சம்பளத்தை நாங்க குணத்தையும் தரத்தையும் பார்த்துத்தான் முடிவு பண்றோம்னு பேப்பர்ல காட்டிட்டு நடைமுறைல தலையை மட்டும் எண்ணிச்சுங்கறது வழக்கு. 2015-ல 9.55 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. இதுல உங்களுக்கு முக்கியமான விஷயம் என்னன்னா, வழக்கை ஆரம்பிச்சது உங்களை மாதிரி உள்ளே வேலை பார்த்தவங்கதான்.

படிச்சு முடிச்சவங்க எண்ணிக்கைக்கு போனஸ் கொடுத்தா சரியாயிடுமேன்னு சிலர் கேட்கறாங்க. நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா பாஸ் போடறதும் அதே ஸ்கூல்தானே, வராதவனுக்கும் அட்டெண்டன்ஸ் விழ ஆரம்பிச்சிடும்.

சரி, நாளைக்கு காலைல நீங்க என்ன பண்றது. சொல்லாம விடறதுல எல்லாமே ஒரே கனம் இல்ல. கேன்டீன் சுமார்னு சொல்லலைன்னா ஒண்ணும் ஆகாது. ஆனா சில வேலைக்கு லைசென்ஸ் பரீட்சை உண்டு, இந்த கோர்ஸ் முடிச்சவங்களை அந்தப் பரீட்சைக்கே உட்கார விடமாட்டாங்கன்னா, இல்ல சேர வர்றவர் மேல பழைய போலீஸ் கேஸ் இருந்து அதனாலயே லைசென்ஸ் கிடைக்காதுன்னா, அதைச் சொல்லாம கையெழுத்து வாங்கறது பொய்க்கு சமம். எவ்வளவு மொத்தம் கட்டணும், கடன்னா மாசத் தவணை எவ்வளவு வரும், பாதியில நின்னா எவ்வளவு திரும்ப வரும், இங்க படிச்ச பாடத்துக்கு கிடைக்கற கிரெடிட்டை வேற காலேஜ் ஏத்துக்குமா, இதெல்லாம் அவங்க கேட்காமலே சொல்லணும், ஏன்னா முதல் தடவை சேர்றவங்களுக்கு இதைக் கேட்கணும்னே தெரியாது. அப்புறம் மேனேஜர் வாயால சொல்ற உத்தரவை "நீங்க சொன்னபடி இப்படி செய்யறேன், சரிதானே"ன்னு ஒரு மெயில்ல போட்டு கேளுங்க. பல உத்தரவு அங்கேயே காணாம போயிடும். டார்கெட் குறைஞ்சா வேலை போகுமேன்னு நீங்க பயப்படறது புரியுது, அதுக்கு என்கிட்ட இனிப்பான பதில் இல்ல, வேற இடம் தேட ஆரம்பிங்க.

கேள்வி: "90 சதவீதம் பிளேஸ்மென்ட்"னு பெருசா போட்டிருக்காங்க. நம்பலாமா?

பதில்: 90 எதுக்கு மேலன்னு கேளுங்க. சேர்ந்தவங்க 100 பேர், முடிச்சது 50, அதுல "வேலை தேடறோம்"னு பதிவு பண்ணது 20, கிடைச்சது 18. இதுவும் 90 சதவீதம்தான் சார்!

டிவ்ரை யுனிவர்சிட்டி இப்படித்தான், எங்ககிட்ட முடிச்சு வேலை தேடினவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு ஆறு மாசத்துல அவங்க துறையிலேயே வேலைன்னு விளம்பரம் பண்ணாங்க. அமெரிக்க வணிக ஆணையம் வழக்கு போட்டுச்சு, சேர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டிருந்த வேலையையும், படிச்சதுக்கு சம்பந்தமே இல்லாத வேலையையும் கணக்குல சேர்த்திருக்காங்கன்னு. 2016-ல 10 கோடி டாலர்ல முடிஞ்சது. கொரிந்தியன் காலேஜஸ் விவகாரம் இன்னும் மோசம், முடிச்ச பசங்களை சும்மா கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வெச்சுக்கோன்னு டெம்பரரி ஏஜென்ஸிகளுக்கு இவங்களே காசு கொடுத்தாங்கன்னு புகார். 2015 ஏப்ரல்ல அந்தக் கம்பெனி மூடினாங்க, 2022-ல அரசு அங்க படிச்ச சுமார் 5,60,000 பேரோட 580 கோடி டாலர் கடனை தள்ளுபடி பண்ணுச்சு. நடுவுல போன வருஷங்களை யாரும் தள்ளுபடி பண்ணலை.

அதனால போன பேட்ச்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, எந்த வேலை, முழு நேரமா, எத்தனை மாசம் நின்னாங்கன்னு எழுத்துல கேளுங்க. சம்பளத்தையும் அப்படியே. 2010-ல அமெரிக்க அரசு தணிக்கை அலுவலகம் 15 காலேஜுக்கு மாணவர் வேஷத்துல ஆளுங்களை அனுப்பிச்சு சோதிச்சாங்க, அதுல ஒரு காலேஜ்காரங்க முடிவெட்டறவங்க வருஷத்துக்கு 1,50,000-ல இருந்து 2,50,000 டாலர் வரைக்கும் சம்பாதிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. முடிவெட்டறவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு 43,000 கூட வர்றதில்லைன்னு அதே ரிப்போர்ட் சொல்லுது.

கேள்வி: ஏதோ ஒரு சைட்ல கோர்ஸ் விவரம் பார்க்க நம்பர் கொடுத்தேன், இப்ப போன் நிக்கவே மாட்டேங்குது. இது சரியா?

பதில்: நீங்க பார்த்தது ஸ்கூலோட சைட்டா இருக்காது, நம்பர் சேகரிச்சு விக்கிற சைட்டா இருக்கும். மேல சொன்ன அதே சோதனைல ஒரு போலி மாணவருக்கு ஒரே மாசத்துல 180-க்கு மேல கால் வந்திருக்கு. யார்கிட்ட இருந்து நம்பர் வாங்கினீங்கன்னு கேளுங்க, இனிமே கூப்பிடாதீங்கன்னு எழுத்துல சொல்லுங்க. "இன்னிக்கு ராத்திரிக்குள்ள சேர்ந்தா மட்டும்தான் சீட்"னா, நாளைக்கு கூப்பிட்டுப் பாருங்க, சீட் இருக்கும்.

கேள்வி: கடன் ஃபார்ம்ல சேமிப்பு பணத்தைக் காட்ட வேண்டாம்னு ஸ்கூல்காரரே சொல்றார். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்களாம்.

பதில்: கையெழுத்து யாருது? உங்களுது. மேல சொன்ன சோதனைல அந்த 15-ல 4 காலேஜ் இப்படி ஃபார்ம்ல பொய் எழுதத்தான் தூண்டினாங்க. எழுந்து வந்துடுங்க.

கேள்வி: சின்னதா ஒரு பயிற்சி ஸ்கூல் நடத்தறேன். பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் ஏஜென்ட் வெச்சு, ஃப்ரெண்டை கூட்டிட்டு வந்தா காசுன்னு அள்ளறாங்க. நான் மட்டும் நேர்மையா இருந்தா மூட வேண்டியதுதான் போல.

பதில்: நேர்மையா இருந்தா கூட்டம் அலைமோதும்னு நான் சொல்லப் போறதில்ல, முதல்ல குறையத்தான் செய்யும். ஆனா அள்ளறவங்க கணக்கையும் ஒரு தடவை பாருங்க. 2012-ல அமெரிக்க செனட் கமிட்டி லாப நோக்குல நடக்கற 30 கல்வி கம்பெனிகளோட கணக்கை பிரிச்சு மேஞ்சது. வருமானத்துல 22.7 சதவீதம் விளம்பரத்துக்கும் ஆள் சேர்க்கைக்கும், பாடம் நடத்த 17.2 சதவீதம். ஆள் சேர்க்கிறவங்க 35,202 பேர், வேலை வாங்கித் தர உதவறவங்க 3,512 பேர். சேர்ந்தவங்கள்ல பாதிக்கு மேல முடிக்காமலே போயிட்டாங்க. ஓட்டை வாளியில தண்ணி ஊத்தற மாதிரி புதுசு புதுசா ஆள் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், அந்த செலவை உங்களால தாங்க முடியாது.

ஃப்ரெண்டை கூட்டிட்டு வந்தா காசுங்கறதை நிறுத்திடுங்க, மாணவன் ஏஜென்ட் ஆயிட்டா அவன் வாயில இருந்து ஸ்கூலைப் பத்தி உண்மை வராது. கவுன்சிலருக்கு நிலையான சம்பளம் கொடுங்க. நுழைவுத் தேர்வு வெச்சா உண்மையாவே வைங்க, எல்லாரும் பாஸ் ஆகற தேர்வுக்கு பேப்பர் செலவு தண்டம். சேர வர்றவங்களை கையெழுத்துக்கு முன்னாடி ஒரு நாள் ஓடற கிளாஸ்ல உட்கார வைங்க, அப்புறம் முதல் ஒரு வாரத்துக்குள்ள போனா முழுப் பணமும் திரும்பன்னு ரசீதுலயே அச்சடிச்சுடுங்க. அந்த வாரத்துல போறவங்ககிட்ட சண்டை போடாம ஏன்னு கேட்டு எழுதி வைங்க, சேர்த்த கவுன்சிலர் பேரோட. ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தா அவரைக் கூப்பிட்டு போன்ல என்ன சொல்லி சேர்க்கறார்னு பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க.