செட்டிநாட்டுத் தெருக்களைப் பார்க்கும் வெளிநாட்டுப் பயணிகள் என்ன சொல்கிறார்கள்?

காரைக்குடியில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். வண்டியில் வருபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் சொல்லக் கேட்டதை வைத்துத்தான் இந்தப் பதில்.

அவர்கள் முதலில் கேட்பது, "ஆட்கள் எல்லாம் எங்கே?" என்றுதான். மதுரை மாசி வீதிகளின் கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் பார்த்துவிட்டு நேரே காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கானாடுகாத்தானில் வந்து இறங்குவார்கள். தெரு நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். இரண்டு பக்கமும் வரிசையாகப் பெரிய பெரிய வீடுகள், பலவற்றில் பூட்டு. நிழலில் ரெண்டு ஆடு, எப்போதாவது ஒரு டிவிஎஸ் 50. இந்தியாவில் இப்படி ஓர் அமைதியை எதிர்பார்க்கவே இல்லை என்பார்கள்.

ஊரே காலி என்று நினைத்துவிடுவார்களோ என்று நான் நின்று விளக்குவேன். நகரத்தார், அதாவது இந்த ஊர்ச் செட்டியார்கள், பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள். அந்தப் பணத்தில், பர்மாத் தேக்கில் எழும்பியவை இந்த வீடுகள். இரண்டாம் உலக யுத்தம் வந்தது, பர்மாவில் இருந்த சொத்தெல்லாம் போயிற்று, பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்தி என்று வந்தால் அத்தனை பேரும் வந்து இறங்குவார்கள். அன்றைக்கு இதே தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதை அவர்கள் நம்பவே மாட்டார்கள். முகப்பில் நின்றால் வளவு என்னும் நடுமுற்றம் தாண்டி, கட்டு கட்டாகக் கடந்து, பின்வாசல் வெளிச்சம் நேராகத் தெரியும். கட்டடக்கலை படித்த ஒருவர் வீட்டை விட்டுத் தெருவோர வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நடந்தார். கூரைத் தண்ணீர் வளவில் இறங்கி, மிஞ்சியது தெரு வழியாக ஊர்க் குளமான ஊருணிக்குப் போகும் ஏற்பாடு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அந்த ஊருணிக் கரையில் கிடந்த பிளாஸ்டிக் பைகளையும் அவர் பார்த்தார். "இவ்வளவு யோசித்துக் கட்டிய ஊரில் இது ஏன்?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் அதே வருத்தம்தான்.

மற்றபடி அவர்கள் மனம் நிறைவது காரைக்குடி திங்கட்கிழமைச் சந்தையில். காய்கறிக் குவியலுக்கு நடுவே எல்லோரும் அவர்களிடம் பேசுவார்கள். எந்த ஊரு, கல்யாணம் ஆயிருச்சா, எத்தனை புள்ளைக? முதலில் கூச்சப்படுவார்கள். கொஞ்ச நேரத்தில் போனை எடுத்துப் பேரப்பிள்ளை படம் காட்டுவார்கள்.

பிரான்ஸிலிருந்து வந்த ஒரு பெண் மல்லிகை ஒரு முழம் கேட்டார். பூக்கார அக்கா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை நீட்டி அளந்தார். அந்தப் பெண் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், கொஞ்சம் நீளம் கூடுதல். அக்கா சிரித்துவிட்டு, "சரி தங்கச்சி, ஓங் கையாலயே அளந்துக்க" என்று சரத்தை விட்டு, அவர் கை அளவுக்கே நறுக்கிக் கொடுத்தார். கட்டை முடியில் பூ நிற்கவில்லை. அக்கா தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் குத்திவிட்டார். காசு ஒரு முழத்துக்குத்தான். அரண்மனை, ஆத்தங்குடிப் பூக்கல் தரை, கோழி வறுவல் எல்லாம் பார்த்து ருசித்த அந்தப் பெண் ஊருக்குக் கிளம்பும்போது பேசியது இந்த ஊசியைப் பற்றி மட்டும்தான்.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஸ்வீடன் முத்திரை போட்ட எனாமல் தூக்குகளைப் பார்த்து, "இது எங்க ஊர்ச் சாமான் ஆச்சே" என்று நிற்பவர்கள் உண்டு. ஆனால் அதே கடைகளில் சாத்தி வைத்திருக்கும் நிலைக்கதவுகளும் தூண்களும் இடித்த வீடுகளிலிருந்து வந்தவை என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள் இவை. வீடு வீடாகப் பிரிந்து போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் நண்பர்கள் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால் ஞாயிறு இரவே இங்கே தங்கச் சொல்லுங்கள். திங்கள் காலை வெயில் ஏறுமுன் சந்தை, பிறகு கானாடுகாத்தான் தெருக்களில் காரை விட்டு இறங்கி ஒரு மணி நேரமாவது நடை. ஒரே நாளில் மதுரை போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள்.