மீன் தொட்டி நத்தைக்கு என்ன போடறது, எவ்ளோ போடறது: அடிக்கடி கேக்கற கேள்விகள்

செடி வாங்கி வச்சு ஒரு மாசம்தான் ஆச்சு, கண்ணாடி பூரா குட்டி குட்டி நத்தை. மருந்து போட்டு கொன்னுடலாமா?

தயவுசெஞ்சு வேணாங்க. செடியோட இலைக்கு அடியில ஜெல்லி மாதிரி ஒட்டிட்டு வந்த முட்டைதான் இது. நத்தை மருந்துல பெரும்பாலும் செம்பு இருக்கும், நம்ம மயில்துத்தம்தான், அத ஊத்துனா ஒரே ராத்திரில மொத்தமும் செத்து அழுகி தண்ணில அம்மோனியா ஏறி அடுத்து மீனும் போயிடும். மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்து வாங்கறப்பவும் காப்பர் இருக்கான்னு பாத்து வாங்குங்க. நத்தை பெருகுதுன்னா தீனி மிஞ்சுதுன்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. இந்த சின்ன ஜாதிங்களுக்கு ஆண் பெண் ரெண்டும் ஒரே உடம்புலங்கறதால ஒண்ணு இருந்தாலே போதும், பெருகிடும். மீன் ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு மட்டும் போடுங்க. லைட் அணைச்சதும் ஒரு முட்டைக்கோஸ் இலைய உள்ள போட்டு வச்சா காலைல இலை பூரா ஒட்டியிருக்கும், அப்படியே தூக்கிடலாம். ஒரு வாரம் பண்ணுனாலே பாதி குறைஞ்சிடும்.

என்கிட்ட இருக்கறது என்ன நத்தைன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

காலி ஓடு ஒண்ண எடுத்து கூர்முனை மேல இருக்கற மாதிரி, வாய் உங்களப் பாக்கற மாதிரி பிடிங்க. வாய் இடது பக்கம் இருந்தா, கொம்பும் நூல் மாதிரி மெல்லிசா இருந்தா அது பைசா, பிளாடர் நத்தைன்னு சொல்றது. வலது பக்கம் வாய், கொம்பு தட்டையா முக்கோணமா இருந்தா லிம்னியா, குளத்து நத்தை. தட்டையா சுருண்டு கிடந்தா ராம்ஸ்ஹார்ன். மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கற நீளமான கூம்புன்னா ட்ரம்பெட், அது முட்டை போடாது, நேரா குட்டிதான் போடும்.

மீன் தீனி மிச்சமே போதுமா, தனியா ஏதாவது போடணுமா?

பாசி இருக்கற தொட்டின்னா ஒண்ணும் போட வேணாம். நத்தை கண்ணாடில ஏறறப்ப வெளிப்பக்கத்துல இருந்து கிட்ட வச்சு பாருங்க, வாய் திறந்து திறந்து மூடும், அது போன வழில பாசி மேல வளைஞ்சு வளைஞ்சு கோடு தெரியும், அரம் மாதிரி நாக்கால சுரண்டுன தடம் அது. எனக்கு இத்தன வருஷத்துல அலுக்காத காட்சி. பாசி இல்லாத புது தொட்டின்னா வாரத்துல ரெண்டு நாள் வெள்ளரி, சுரைக்காய், பசலைக்கீரை, எதுவானாலும் நல்லா கழுவி ரெண்டு நிமிஷம் வெந்நீர்ல போட்டு ஆறவச்சு போடுங்க, பச்சையா போட்டா மிதக்கும். சந்தைக் கீரைல பூச்சிமருந்து இருக்கும், கழுவாம போட்டுடாதீங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ராத்திரி போட்டத காலைல எடுத்துடணும், இல்லன்னா தண்ணி கலங்கி நாறிடும். காஞ்ச பாதாம் இலை ஒண்ணு போட்டு வச்சா மட்டும் கவலை இல்ல, அது ஊற ஊற வாரக்கணக்குல மேயும்.

ஓடு வெள்ளையாகி முனைல ஓட்டை விழுது. ஆர்ஓ தண்ணிதான் ஊத்தறேன்.

காரணத்த நீங்களே சொல்லிட்டீங்க. ஓடு முழுக்க சுண்ணச்சத்து, ஆர்ஓல அது இருக்காது, பிஎச் ஏழுக்குக் கீழ போனா, அதாவது தண்ணி அமிலமானா, இருக்கற ஓடும் கரைய ஆரம்பிக்கும். போர் தண்ணிய பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க, அதையும் ஒரே நாள்ல மாத்தாம கொஞ்சம் கொஞ்சமா. நாட்டு மருந்துக் கடைல கடல்நுரைன்னு கேளுங்க, கணவாய் ஓடுதான், ஒரு துண்ட உடைச்சுப் போட்டா மொதல்ல மிதக்கும், ஊறுனதும் கீழ போயிடும், நத்தைங்க அது மேலயே உக்காந்து சுரண்டும். ஒருத்தங்க வெத்தலைக்குப் போடற சுண்ணாம்ப கரைச்சு ஊத்தலாமான்னு கேட்டாங்க. கூடவே கூடாது, பிஎச் சட்டுன்னு ஏறி எல்லாமே செத்துடும். முனைல விழுந்த ஓட்டை பழையபடி அடையாது, ஆனா ஓடு வளர்றது வாய் விளிம்புலதான், அங்க புதுசா வழவழன்னு வருதான்னு பாருங்க. வந்தா தண்ணி சரியாயிடுச்சு.

ஊர்ல வயல்ல இருந்து பெரிய நத்தை நாலு கொண்டாந்தேன். ஒண்ணு மூணு நாளா மூடிட்டு அசையல, செத்துடுச்சா?

எடுத்து மோந்து பாருங்க, செத்திருந்தா அந்த நாத்தம் சொல்லித் தெரிய வேணாம், உடனே வெளிய போடுங்க. நாத்தம் இல்லாம ஓட்டு வாயில இருக்கற மூடி இறுக்கமா இருந்தா உயிரோடதான் இருக்கு. கோடைல குளம் வத்துனா சேத்துக்குள்ள மாசக்கணக்கா மூடிட்டு கிடக்கற ஜாதி, மூணு நாள்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல. செவுளும் உண்டு நுரையீரலும் உண்டு, குழாய் மாதிரி நீட்டி மேல வந்து காத்து இழுக்கும், அதனால தண்ணிய விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, தொட்டிக்கு மேல மூடி கட்டாயம், ராத்திரில ஏறி வெளிய விழுந்துடும். உங்க செடியெல்லாம் தின்னு தீத்துடும், அதையும் சொல்லிடறேன். இது முட்டை வைக்கறது தண்ணில இல்ல, கரையோர ஈர மண்ணுல.

இன்னொண்ணு, ஆடு மாடு இறங்கற குளத்து நத்தைல ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம், அது தண்ணில வெளிய வந்தா கை போட்டவங்களுக்கு அரிப்பு தடிப்பெல்லாம் வரும். குளத்து நத்தை ஆசைன்னா பெருசுங்கள எடுக்காம முட்டைய எடுத்துட்டு வந்து பொரிக்க வைங்க, முட்டை வழியா அந்தப் புழு வராது.

கோல்டு ஃபிஷ் கூட விடலாமா?

சின்னதுங்கள தின்னுடும். தனித் தொட்டில வைங்க.

எல்லா நத்தையும் காலைல தண்ணிக்கு மேல ஏறி நிக்குது, ஏன்?

ஒண்ணு ரெண்டு ஏறுனா காத்துக்கு வந்திருக்கும், விடுங்க. மொத்தமும் ஏறி நின்னா, மீனும் மேல வந்து வாயப் பொளந்துட்டு இருந்தா, தண்ணில ஆக்சிஜன் இல்லன்னு அர்த்தம், மே மாசத்துல ராத்திரி ஏர் பம்ப்ப நிறுத்தறவங்க தொட்டில இதத்தான் பாக்கறேன். உடனே பம்ப்ப போட்டுட்டு கால்வாசி தண்ணி மாத்துங்க. மாத்தற தண்ணி குளோரின் போட்ட குழாய்த் தண்ணின்னா மருந்து போட்டு குளோரின் எடுத்துட்டுதான் ஊத்தணும், அவசரத்துல நேரா ஊத்திடாதீங்க.