வாசகர் கேள்வி: முழங்காலுக்கு நோகாமல் மூச்சு வாங்க

கேள்வி: வயது 44. பூப்பந்து ஆடும்போது முழங்கால் திருகி, மெனிஸ்கஸ் சவ்வு (மூட்டெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை தேவையில்லை, இப்போதைக்கு ஓடாதீர்கள், சைக்கிள் மிதிக்கலாம் என்றார் மருத்துவர். ஆனால் உடற்பயிற்சிக் கூடத்துச் சைக்கிளில் பத்து நிமிடம் மிதித்தாலே முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: நிறுத்துவதற்கு முன் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்ந்திருக்கும். முழங்கால் நன்றாக மடங்கிய நிலையில் அழுத்தி மிதிக்கும்போது சில்லு தொடையெலும்போடு பலமாக அழுந்துகிறது. பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது என்று பொருள்.

இருக்கையில் உட்கார்ந்து, குதிகாலை மிதிகட்டையில் வையுங்கள். மிதிகட்டை அடிமட்டத்துக்கு வரும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை மிதிகட்டைக்குக் கொண்டுவந்தால் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் ஒரு துளை இறக்குங்கள். இருக்கைத் தண்டில் எண் இருந்தால் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பொதுக் கூடத்தில் உங்களுக்கு முன் உட்கார்ந்தவர் அதை மாற்றியிருப்பார்.

அடுத்தது எதிர்ப்பு விசை. கனமாக வைத்து மெதுவாக மிதிப்பதுதான் பலரும் செய்வது. முழங்காலுக்கு அது ஆகாது. விசையைக் குறைத்து, நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதியுங்கள். எழுந்து நின்று மிதிக்கவே வேண்டாம். கால் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்க வேண்டும். அந்த அளவு மடங்காவிட்டால் வலிந்து சுற்றாதீர்கள். முன்னும் பின்னுமாக அரைச் சுற்று ஆட்டினால் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் 10 நிமிடத்தில் தொடங்கி, தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, 30 நிமிடத்துக்கு வாருங்கள்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம்? பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. ஆனால் மிதிக்கும்போது இருக்கும் வலியைவிட மறுநாள் காலை முழங்கால் எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். எழுந்ததும் சில்லின் நடுவே அளவுநாடாவைச் சுற்றிப் பாருங்கள். முந்தைய நாளைவிட 1 செ.மீ. கூடியிருந்தால் வீக்கம் என்றே எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை நேரத்தைப் பாதியாக்குங்கள். வீங்கிய மூட்டு, முன்தொடைத் தசையைச் சரியாக இயங்கவிடாது. அந்தத் தசை தளர்ந்தால் மூட்டின் மேல் இன்னும் பாரம் ஏறும். வீக்கத்தை அலட்சியப்படுத்தி மிதிப்பவர்கள் வாரக்கணக்கில் பின்னோக்கிப் போவது இதனால்தான்.

கேள்வி: முழங்காலுக்கு நீச்சல் நல்லது என்றார்கள். வாரம் மூன்று நாள் போகிறேன். தவளை நீச்சல் மட்டும்தான் தெரியும். இப்போது முழங்காலின் உட்பக்கம் வலி.
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: காரணம் தண்ணீர் அல்ல, தவளை உதைப்பு. கால்களை வெளியே விரித்துச் சுழற்றி மூடும்போது முழங்காலின் உட்புறத் தசைநார் இழுபடுகிறது. போட்டிக்கு நீந்துபவர்களுக்கும் வருகிற வலிதான் இது. வலி அடங்கும்வரை அந்த உதைப்பை விட்டுவிடுங்கள். தொடைகளுக்கு நடுவே மிதவையை இடுக்கிக்கொண்டு கைகளால் மட்டும் நீந்தலாம்.

நீந்தாமலே பயிற்சி செய்யவும் வழி இருக்கிறது: தண்ணீரில் நடப்பது. இடுப்பளவு ஆழத்தில் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ பாதி, நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு நிமிடம் வேகமாக, ஒரு நிமிடம் நிதானமாக என்று 20 நிமிடம் நடங்கள். கைகளையும் தண்ணீருக்குள் வீசுங்கள். சட்டென்று திரும்பாதீர்கள், கால் ஊன்றியிருக்க உடல் திரும்புவதே முழங்காலைத் திருகும்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை நம்பிச் சோர்ந்துவிட வேண்டாம். தண்ணீரில் துடிப்பு தரையைவிடக் குறைவாகவே இருக்கும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால் இதயத்துக்கு வேலை கிடைக்கிறது. இன்னொன்று, மின்னல் அபாயம் என்றால் குளத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். பிற்பகலில் இடி மழை அதிகம் என்பதால் காலை நேரமே தோது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 63, மூட்டுத் தேய்மானம். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் 12 மாடி ஏறி இறங்கினால் நல்ல பயிற்சிதானே?
- வாசகர், சுவா சூ காங்

பதில்: இறங்க வேண்டாம், மின்தூக்கியில் வரச் சொல்லுங்கள். படி இறங்கும்போது முழங்கால் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் தாங்குகிறது. ஏறுவதும் ஓரிரு மாடியில் தொடங்கி, மறுநாள் காலை வலி கூடாவிட்டால் மட்டும் கூட்டுங்கள். அதைவிடச் சமதளமான பூங்கா இணைப்புப் பாதையில் பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு மூன்று தடவை நடப்பது நல்லது. வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும். கூடவே நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கி, கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரட்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்வதைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: முழங்காலுக்குப் பட்டை போட்டு, ஆறு வாரம் கால் ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உடம்பு துருப்பிடித்ததுபோல் இருக்கிறது.
- வாசகர், செங்காங்

பதில்: சக்கரமில்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றில் குத்துச்சண்டை போடுங்கள். 30 விநாடி வேகமாக, 30 விநாடி ஓய்வு, பத்துச் சுற்று. மின்விசிறி ஓடட்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். எளிதாகிவிட்டால் ஓய்வை 15 விநாடியாக்குங்கள். கையில் எடை தேவையில்லை. எடையோடு வேகமாகக் குத்தினால் தோள்பட்டை கெடும்.

அசையாமல் கிடக்கும் காலில் இரத்தம் உறையக்கூடும். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி வலித்தால் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். திடீரென நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.