ஆடிய கால்களும் அடைத்த தெருவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலூருக்கு மேற்கே ஒரு கிராமம் என் ஊர். சென்ற திருவிழாவில் மேடையேறிய இசைக்குழு 'எஞ்சாய் எஞ்சாமி' பாடியபோது, ஊர்த்தெரு இளைஞர்கள் சட்டையைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றி ஆடினார்கள். துண்டுச்சீட்டு அனுப்பி இன்னொரு முறையும் பாடச் சொன்னார்கள். மாசி மகத்தன்று காலனி மக்கள் தங்கள் அம்மனைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஊர்த்தெரு வழியே கொண்டுபோகக் கூடாது என்று குறுக்கே நின்றவர்களும் அதே இளைஞர்கள்தான். இந்தப் பாட்டை நிலமற்றவர்களின் பாட்டு என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். வெகுசன இசையால் அரசியல் பேச முடியும் என்று இனியும் நம்புகிறீர்களா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று வாசகர் கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நம்புகிறேன். ஆனால் ஆடுகிறவனின் சாதியை ஆட்டத்தோடு கழற்றி வைக்கும் வேலையை எந்தப் பாட்டும் இதுவரை செய்ததில்லை. நீங்கள் கண்ட காட்சி புதியதுமல்ல. விடுதலைப் போராட்டக் காலத்து நாடக மேடையில் எஸ்.எஸ்.விசுவநாததாஸ் பெரும் புகழோடு இருந்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடத்தில் நின்று, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டைப் பாடுவார். அந்த வெள்ளைக் கொக்கு யார் என்பது டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும், பிடித்துப்போகக் காத்திருந்த போலீசாருக்கும் தெரியும். பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர்விட்டார். அத்தனை புகழ் இருந்தும், அவர் முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு வள்ளியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டு இனித்தது, பாடியவரின் பிறப்பு கசந்தது. அந்தப் பாட்டை வீண் என்று இன்று யாரும் சொல்லமாட்டோம்.

பாட்டின் பலத்தை ஆடியவர்களின் எண்ணிக்கையால் அளப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். நான் வேறொன்றைப் பார்க்கிறேன்: அந்தப் பாட்டு வந்தபோது அதற்குப் பின்னால் ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்தவர்கள் யார்? கொடைக்கானலில் பாதரசக் கழிவு வெளிப்பட்டு வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்கள் நீதிமன்றத்திலும் தெருவிலும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2015இல் சென்னையின் ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப், உலகமே அறிந்த ஓர் அமெரிக்கப் பாட்டின் மெட்டில் அந்தக் கதையைப் பாடி வெளியிட்டார். சில நாட்களிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. அந்த உடன்பாட்டைப் பாட்டு மட்டும் கொண்டுவந்துவிடவில்லை. பாடகர் கோவன் விஷயமும் இப்படித்தான். மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடியதற்காக அவர்மீது 2015 அக்டோபரில் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அந்த ஜூலையில்தான் மதுவிலக்குக் கேட்டுப் போராடிய சசிபெருமாள் போராட்டக் களத்திலேயே இறந்திருந்தார். கடைகளுக்கு முன்னால் பெண்கள் திரண்டுகொண்டிருந்தார்கள். அரசு அஞ்சியது அந்தக் கூட்டத்தை. கைது செய்ய வசதியாகக் கிடைத்தவர் பாடகர்.

விற்பனைக்கு வந்த பாட்டு என்பதால் இதில் அரசியல் இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பாரதி பாடல்களை 1928இல் ஆங்கில அரசு பறிமுதல் செய்தது. அவற்றின் இசைத்தட்டு உரிமை பிறகு ஒரு படநிறுவனத்தின் கைக்குப் போய், நம் பக்கத்து ஓமந்தூரைச் சேர்ந்த இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்து 1949இல் நாட்டுடைமை ஆக்கும் வரை அங்கேயே இருந்தது. அதே நிறுவனம் 1947இல் எடுத்த படத்தின் வழியாகத்தான் பாரதியின் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் கேட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2021இல் வெளிவந்த 'எஞ்சாமி'யோ, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் தலைமுறையை நினைத்துப் பாடகர் அறிவு எழுதியது. அதிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைத்த சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். நிலமில்லாதவர்களைப் பற்றிய பாட்டைச் செய்தவர்களுக்கே அதன் விளைச்சலில் பங்கு கிடைக்கவில்லை.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது, சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டோ ஆட்டமோ கூடாது என்று உயர்நீதிமன்றம் வழக்கமாகவே நிபந்தனை விதிக்கிறது. அந்த நிபந்தனை உங்கள் மேடைக்கும் இருந்திருக்கலாம். அப்படியானால், அதற்குக் கீழேயும் இந்தப் பாட்டு வெறும் குத்துப்பாட்டாகத் தப்பிப் போயிருக்கிறது. ஆடியவர்களுக்கு அது யாருடைய பாட்டு என்று தெரியாமல் போனது அவர்களுக்கு வசதி. ஆனால் ஒலிபெருக்கி காலனிக்கும் கேட்டிருக்கும். காலனி இளைஞர்கள் அன்று மேடைக்கு முன்னால் நின்றார்களா, தெருமுனையில் நின்றார்களா, வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டார்களா? இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் காதில் அது என்னவாக விழுந்தது என்று தெரியாமல், பாட்டு தோற்றது என்று நாம் இருவரும் தீர்ப்பெழுத முடியாது.

ஊர்வலப் பாதையைப் பற்றிய முடிவு மேடையில் வராது. வட்டாட்சியர் அலுவலகத்தின் அமைதிப் பேச்சுவார்த்தையில்தான் வரும். அங்கே ஊர்த்தெருவின் சார்பில் வழக்கமாகப் பெரியவர்கள் சிலர்தான் பேசுவார்கள். அடுத்த மாசி மகத்துக்கு முன்பு அந்தக் கூட்டம் நடந்தால், ஊர்த்தெருக்காரர் என்ற முறையில் நீங்களும் போய், அம்மன் இந்தத் தெரு வழியே வரட்டும் என்று சொல்லுங்கள். அங்கே என்ன நடந்தது என்று பிறகு எழுதுங்கள், வெளியிடுகிறேன்.